பிளாரன்ஸ் மேசையில் வைன்

இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் வழிகாட்டியுடன் நடக்கும் வைன் சுவைப்பில் முதல் வேலை கண்ணுக்கும் மூக்குக்கும்தான். கோப்பையைத் தண்டில் பிடித்து, வெள்ளைத் துணிக்கு எதிரே சாய்த்து நிறம் பார்க்கிறார்கள். மெல்லச் சுழற்றினால் காற்றுப்பட்டு மணம் எழுகிறது. நாக்கின் முறை அதற்குப் பிறகே.

சுவைக்கும் வைன்களில் முதன்மையானது கியாந்தி கிளாசிகோ. பிளாரன்ஸுக்கும் சியேனாவுக்கும் இடையிலுள்ள குன்றுகளில் விளையும் இந்தச் சிவப்பு வைனில் குறைந்தது 80 விழுக்காடு சாஞ்ஜோவேசே திராட்சை இருக்க வேண்டும். கியாந்தி வட்டாரத்தின் எல்லைகளை 1716இல், பிளாரன்ஸ் அடங்கிய டஸ்கனியின் ஆட்சியாளர் மூன்றாம் கோசிமோ வரையறுத்தார். புட்டியில் கறுப்புச் சேவல் முத்திரை இருக்கும்.

சாஞ்ஜோவேசேயில் புளிப்பும் துவர்ப்பும் தூக்கல். வெறுமனே குடித்தால் வாய் வறளும். செம்மறியாட்டுப் பாலில் செய்த பெகொரினோ பாலாடைக்கட்டியையோ, பெருஞ்சீரக விதை சேர்த்துப் பதப்படுத்திய பினொக்கியோனா பன்றியிறைச்சியையோ ஒரு துண்டு கடித்த பின் அதே வைன் மென்மையாகிவிடுகிறது. துவர்ப்புப் பொருள்கள் உணவின் புரதத்தோடு பிணைகின்றன. புளிப்பு கொழுப்பின் பிசுக்கை நீக்குகிறது. டஸ்கனி ரொட்டியில் உப்பே கிடையாது. தனியாகத் தின்றால் சப்பென்றிருக்கும். உப்பேறிய இறைச்சிக்கு அதைவிடப் பொருத்தமான துணை இல்லை. சுவைப்பின் உச்சம் இந்த இடம்தான்.

நிறைவாக வின் சாந்தோ. திராட்சையை மாதக்கணக்கில் உலர்த்திப் பிழிந்து, சிறு மரப்பீப்பாய்களில் பல ஆண்டுகள் வைத்திருந்து எடுக்கும் வைன் இது. பாதாம் பருப்பிட்ட கந்தூச்சி பிஸ்கட்டை இதில் தோய்த்துத் தின்பது ஊர் வழக்கம்.

வைனை விழுங்காமல் உமிழ்வது இங்கே குறையல்ல. அதற்கென்றே மேசையில் கலம் வைத்திருப்பார்கள்.