நிலம் கொடுத்தவருக்கு எந்தச் சட்டம்?

மேற்கு தில்லியின் ஜனக்புரியில் பழைய வீட்டை இடித்துக் கட்ட பில்டரிடம் ஒப்படைப்பது ஏறக்குறைய வழக்கமாகிவிட்டது. 'கொலாபரேஷன்' என்று பெயர். பில்டர் தன் செலவில் ஸ்டில்ட் பார்க்கிங்கும் நான்கு தளங்களும் கட்டுவார். ஒன்றோ இரண்டோ தளம் அவருக்கு, மீதி வீட்டுக்காரருக்கு. தயங்குபவர்களுக்கு ஒரு சமாதானமும் சொல்லப்படுகிறது: "ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) இருக்கிறது, நுகர்வோர் கோர்ட் இருக்கிறது, பயப்படாமல் கையெழுத்துப் போடுங்கள்." இந்தச் சமாதானம் தவறானது.

ஏற்பாட்டில் நன்மை உண்டு. ஓய்வூதியத்தில் வாழ்பவர் கைக்காசு போடாமலே லிஃப்ட் வைத்த புது வீட்டுக்குப் போகலாம். நீதிமன்றங்களும் சும்மா இருக்கவில்லை. வாங்குபவர் தவணை தாமதித்தால் 18 சதவீத வட்டி, பில்டர் தாமதித்தால் 9 சதவீதம் என்றிருந்த குருகிராம் ஒப்பந்தம் ஒன்றை, 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒருதலைப்பட்சமானது என்று ஒதுக்கியது.

ஆனால் அது வீடு வாங்கியவரின் வழக்கு. நிலம் கொடுத்தவரைச் சட்டம் வேறு கண்ணோடுதான் பார்த்துவந்திருக்கிறது. சொத்து வைத்திருப்பவர், லாபத்தில் பங்காளி, ஆகவே பலசாலி என்பது அதன் கணிப்பு. தெற்கு தில்லி கைலாஷ் காலனியில் 1991இல் கொலாபரேஷன் ஒப்பந்தம் போட்ட ஒருவர், தாமும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றத்தின் வாயால் கேட்க 2008 ஜூலை ஆயிற்று. அதன்பிறகும் அவருடைய புகார் விசாரணைக்காக மாவட்ட மன்றத்துக்கே திருப்பி அனுப்பப்பட்டது. புகார் கொடுக்கலாமா என்பதைத் தீர்மானிக்கவே இத்தனை காலம்!

2016இல் வந்த ரெரா இதைச் சரிசெய்திருக்கலாம். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனையில் எழும் திட்டத்தையோ, எட்டு வீடுகளுக்கு மேற்படாத திட்டத்தையோ பதிவு செய்ய வேண்டியதில்லை என்று அது விலக்களித்தது. ஜனக்புரி மனைகளில் பெரும்பாலானவை இந்த அளவுக்குள்தான் அடங்கும். வசூலில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்கும் கட்டாயம் பெரிய திட்டங்களுக்கு உண்டு, இங்கே இல்லை. சிறிய பில்டருக்குச் சுமை கூடாது என்பது இந்த விலக்குக்குச் சொல்லப்படும் நியாயம். பெரிய நிறுவனத்துக்குக் காப்பாற்ற வேண்டிய பெயராவது இருக்கிறது. சிறிய பில்டர் கடையை மூடிவிட்டு வேறு பெயரில் திறந்துகொள்ளலாம். கண்காணிப்பு அதிகம் தேவைப்படும் இடத்தில்தான் சட்டம் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்பதை வரையறுத்தது. அத்தகைய ஷரத்தைச் செல்லாது என்று அறிவிக்கவும் வழி செய்தது. ஆனால் அந்த அதிகாரம் மாநில, தேசிய ஆணையங்களுக்கு மட்டுமே. மேற்கு தில்லி மாவட்ட நுகர்வோர் மன்றம் பல ஆண்டுகள் இயங்கியது ஜனக்புரி சி பிளாக் கம்யூனிட்டி சென்டரில்தான். வீட்டுக்காரர் நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருந்த மன்றத்துக்கு, அவருடைய ஒப்பந்தத்தில் கைவைக்கச் சட்டம் அதிகாரம் தரவில்லை.

அந்த ஒப்பந்தத்தைச் சற்றுப் படித்துப் பாருங்கள். வழக்கமாக அதை எழுதுவது பில்டர் தரப்பு. 18 மாதம், மேலே ஆறு மாதம் 'கிரேஸ்'. குழாய்க்கும் டைல்ஸுக்கும் பிராண்டைக் குறிப்பிட்டுவிட்டு 'அல்லது அதற்கு இணையானது' என்று ஒரு வால். இணையானதா என்று முடிவுசெய்பவர் பில்டரே. கூடவே, தன் பங்குத் தளங்களை விற்க பில்டர் பெயரில் பவர் பத்திரம். அந்தத் தளங்கள் கைமாறி, பணமும் அவரிடம் சேர்ந்தபிறகு, வாடகை வீட்டில் காத்திருக்கும் முதியவரிடம் பிடிமானம் என்று என்ன மிஞ்சுகிறது? நஷ்டம் நேர்ந்தபின் வழக்காடும் உரிமையைப் பாதுகாப்பு என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

விலக்கு வரம்பைக் குறைக்க ரெரா சட்டமே அரசுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. தில்லிக்கு அது மத்திய அரசின் கையில். அதைப் பயன்படுத்தட்டும். கொலாபரேஷனுக்கென்று ஒரு மாதிரி ஒப்பந்தத்தையும் கட்டாயமாக்கட்டும். வீட்டுக்காரரின் தளம் முடிந்து கைக்கு வரும்வரை, பில்டரின் கடைசித் தளத்தை விற்கும் பவர் பத்திரத்தைச் சார்பதிவாளர் பதிவு செய்யக் கூடாது. இந்த ஒரு விதி வந்தால், பாதி வழக்குகளுக்கு வேலையே இருக்காது.