எண்ணும் பயனும்: ஜொகூரின் மணமுன் குருதிச் சோதனை

நோயை வருமுன் காத்தல் மருத்துவத்தின் கடமை; காத்தது எவ்வளவு என்று அளந்து காட்டுதல் ஆராய்ச்சியின் கடமை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் பலர். எத்தனை பேரைச் சோதித்தோம் என்னும் கணக்கு, எத்தனை பேரைக் காத்தோம் என்னும் கணக்கு ஆகிவிடாது. எச்.ஐ.வி. தடுப்புத் திட்டங்களைப் பற்றிய ஆய்வுகளில் இம்மயக்கம் எங்ஙனம் நேர்கிறது என்பதற்கு, ஜொகூர் மாநிலத்தின் மணமுன் குருதிச் சோதனை தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

மணம் புரிய விண்ணப்பிக்கும் முஸ்லிம் ஆணும் பெண்ணும் எச்.ஐ.வி. சோதனைக்கு உட்படுதல் வேண்டும் என்னும் விதி, மலேசியாவிலேயே முதன்முதலாக ஜொகூரில் 2001 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2009இல் அது நாடு முழுமைக்கும் விரிந்தது. தமிழ் முஸ்லிம் குடும்பங்களும் இதற்கு உட்பட்டவையே. முஸ்லிமல்லாதார்க்குச் சோதனை அவரவர் விருப்பம். தொற்று இருப்பதாகத் தெரிந்தாலும் மணம் தடுக்கப்படுவதில்லை. ஆலோசனை கூறி, முடிவை மணமக்களிடமே விட்டுவிடுவர்.

இத்திட்டத்தின் 2002 முதல் 2004 வரையிலான பதிவுகளை ஆராய்ந்த கட்டுரையொன்று 2007இல் மலேசிய மருத்துவ இதழில் வெளிவந்தது. சோதிக்கப்பட்ட ஏறக்குறைய 74,000 பேருள் தொற்றுக் காணப்பட்டோர் 123 பேர். அவருள் பெரும்பாலோர் ஆடவர். ஆயிரவருக்கு இருவர் என்னும் அளவினும் இது குறைவு. உணர்ச்சிவயப்பட்டுப் பேசப்படும் ஒரு பொருளை எண்களால் அளக்க முற்பட்டமை இவ்வாய்வின் சிறப்பு என்பதில் ஐயமில்லை.

எனினும், இவ்வெண் எதனைக் கூறுகிறது, எதனைக் கூறவில்லை என்று நோக்குதல் வேண்டும். கண்டறியப்பட்டோர் எத்தனை பேர் என்பதை அது கூறுகிறது. அவர்தம் துணைவருள் எத்தனை பேர் நோயினின்றும் தப்பினர் என்பதை அது கூறவில்லை. மணத்தைக் கைவிட்டோர் பின்னர் என்ன ஆயினர்? மணந்துகொண்டோர் ஆணுறையைத் தொடர்ந்து பயன்படுத்தினரா? இவ்வினாக்களுக்குச் சோதனைச் சாலையின் பதிவேடு விடை தாராது. தொற்றிய சில வாரங்கள் வரை, சில வேளைகளில் மூன்று திங்கள் வரை, குருதியில் அதனைக் காட்டும் எதிர்ப்பொருள் தோன்றாமலும் இருக்கலாம். ஆதலின் 'தொற்று இல்லை' என்னும் சான்றும் முழு உறுதியன்று. மேலும், அக்காலத்தில் மலேசியாவில் இந்நோய் மிகுதியும் பரவியது போதை ஊசியைப் பகிர்ந்துகொண்டோரிடையே. அவர்களை நேரே சென்றடையும் மெதடோன் மருத்துவம் 2005இலும், ஊசி மாற்றுத் திட்டம் 2006இலுமே தொடங்கின. திருமணப் பதிவை நாடி வாராதவரைத் திருமணச் சோதனை எங்ஙனம் காணும்?

இத்தகைய சட்டம் பிற நாட்டிலும் முயன்று பார்க்கப்பட்டதே. அமெரிக்காவின் இலினாய் மாநிலம் 1988இல் மணமுன் சோதனையைக் கட்டாயமாக்கியது. முதல் ஆறு திங்களில் சோதிக்கப்பட்டோர் 70,846 பேர். தொற்றுக் காணப்பட்டோர் எண்மர். ஒருவரைக் கண்டறிய ஆன செலவு 3,12,000 டாலர் எனக் கணக்கிட்டனர். மணமக்கள் பலர் அண்டை மாநிலங்களுக்குச் சென்று மணம் முடித்தனர். 1989இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. இதனைக் காட்டி ஜொகூர்த் திட்டத்தையும் வீண் என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. ஏறத்தாழ ஒரே அளவினரைச் சோதித்து இலினாய் கண்டது எண்மரை. ஜொகூர் கண்டதோ அதனினும் பதினைந்து மடங்கினரை. ஓரிடத்துப் பயன்படாதது பிறிதோரிடத்துப் பயன்படலாம். அப்பயனை மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு மட்டும் நீங்கிவிடவில்லை.

மணநாளில் எடுக்கும் சோதனை, மணத்திற்குப் பின் வருவதைக் காணாது என்பதும் நினைவில் வைக்கத்தக்கது. இந்தியாவில் இத்தொற்று முதன்முதல் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில்; மருத்துவர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவியாகிய செல்லப்பன் நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வின் பயன் அது. பின்னர்ச் சென்னையில், தொற்றுடைய 134 பெண்களைப் பற்றி நிகழ்ந்து 2000இல் வெளிவந்த ஆய்வொன்று, அவருள் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஒருவனுக்கு ஒருத்தியாகவே வாழ்ந்தவர் எனக் காட்டியது. அப்பெண்களுக்குத் தீங்கு வந்தது தம் ஒழுக்கக் குறையாலன்று. கற்பையே காப்பெனச் சொல்லி அமைந்துவிடும் அறிவுரை எத்துணைப் போதாதது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இன்று நிலைமை பெரிதும் மாறியுள்ளது. சென்னையும் பங்கு கொள்ள, ஒன்பது நாடுகளில் 1,763 இணையரிடையே நிகழ்ந்த ஆய்வின் முடிவு 2011இல் வெளிவந்தது. காலந்தாழ்த்தாது மருந்து தொடங்கின், துணைவருக்குத் தொற்றுதல் 96 விழுக்காடு குறைகிறது என அது காட்டிற்று. மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, குருதியில் நச்சுயிரியின் அளவு கண்டறிய முடியாத நிலைக்குத் தாழ்ந்தவரிடமிருந்து உடலுறவின் வழித் தொற்று பரவுவதில்லை எனப் பிந்திய ஆய்வுகள் நிறுவின. தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என 2018இல் உலக நலவாழ்வு நிறுவனம் மலேசியாவை ஏற்றுக்கொண்டது. ஆகவே, மணமுன் சோதனையின் பயனைக் கண்டறியப்பட்டோர் தொகையால் அளத்தல் இனிப் பொருந்தாது. அவருள் எத்தனை பேர் மருத்துவத்திற்கு வந்தனர், எத்தனை பேர் அதில் நிலைத்தனர், எத்தனை துணைவர் நலமாக உள்ளனர் என்பனவே அளவுகோல் ஆதல் வேண்டும்.

தமிழாசிரியர்க்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 'ஆட்கொல்லி நோய்', 'உயிர்க்கொல்லி நோய்' என்னும் தொடர்கள் மருந்தில்லாத நாளில் பிறந்தவை. மருந்துண்டு நெடிது வாழ்வோர் பெருகியுள்ள இந்நாளிலும் அவற்றையே மாணவர்க்குக் கற்பித்தல், பிழையான செய்தியைத் தூய தமிழில் சொல்வதாகவே முடியும். அச்சம் சோதனைக்கு வருவோரை விரட்டும். அறிவு அவர்களை அழைத்து வரும். ஆய்வாளர் எண்ணைத் திருத்த, ஆசிரியர் சொல்லைத் திருத்துவாராக.