எரிந்த ஏடும் எழுதாத பதிலும்

எழுத்தாளர் ஒருவர் தாம் இறந்துவிட்டதாகத் தாமே உலகுக்கு அறிவித்த ஆண்டு 2015. அவ்வாண்டு ஜனவரித் திங்களில் பெருமாள்முருகன் தம் முகநூற் பக்கத்தில் வெளியிட்ட அவ்வறிவிப்பு, தமிழ் எழுத்துலகம் அதுவரை கண்டிராத ஒன்று. ஒன்றரை ஆண்டு கழித்து, 2016 ஜூலை 5ஆம் நாள், சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலும் நீதிபதி புஷ்பா சத்யநாராயணாவும் அளித்த தீர்ப்பு, இறந்தவரை மீண்டும் எழுந்து எழுதச் சொன்னது. அத்தீர்ப்பைப் பாராட்டி எழுதியோர் பலர். நாம் இங்கே அதைப் பாராட்டுவதோடு நில்லாமல், அந்த வழக்கு நம் சமுதாயத்தின் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டும் கண்ணாடியையும் சற்றே நோக்க விழைகிறோம்.

நிகழ்ச்சிகளை நினைவூட்டிக் கொள்வோம். ‘மாதொருபாகன்’ நாவல் 2010இல் வெளிவந்தது. நான்காண்டுகள் அதனால் எவர் மனமும் புண்பட்டதாகச் செய்தி இல்லை. 2013இல் ஆங்கிலப் பெயர்ப்பு வந்தது. 2014 டிசம்பர்க் கடைசியில் திருச்செங்கோட்டில் நாவலின் சில பக்கங்கள் மட்டும் படியெடுக்கப்பட்டு வீடுகளில் பரப்பப்பட்டன, பிரதிகள் எரிக்கப்பட்டன, அடுத்து வந்த ஜனவரியில் கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரி 12ஆம் நாள் நாமக்கல்லில் அதிகாரிகள் கூட்டிய அமைதிப் பேச்சுவார்த்தையில் ஆசிரியர் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டுக் கையொப்பமிட்டார். அதன்பின் வந்ததே அந்த மரண அறிவிப்பு.

நூலைப் படியாமல் நூலைப் பற்றி எழுதுவது நமக்கு வழக்கமன்று. ஆகவே முதலில் நூலைப் பற்றிச் சொல்லிவிடுவோம். காளி, பொன்னா எனும் கணவன் மனைவிக்குப் பன்னிரண்டாண்டுகளாகப் பிள்ளைப்பேறு இல்லை. ஊரின் நாக்கு அவர்களை விடுவதில்லை. விசேஷ வீட்டில் ஒரு சொல், வயற்காட்டில் ஒரு சொல், உறவினர் வாயில் ஒரு சொல் என்று அந்த இருவரின் அன்பை ஊர்ப்பேச்சு அரித்தெடுக்கும் வரலாறே அந்நாவலின் உயிர். தேர்த் திருவிழாவின் பதினான்காம் நாள் வழக்கம் என்று கதையில் வருவதும், அப்பேச்சின் கொடுமை தாளாமல் ஒரு குடும்பம் எந்த எல்லை வரை தள்ளப்படுகிறது என்பதைக் காட்டத்தான். பேச்சால் கொல்லப்படுகிற மனிதர்களைப் பற்றிய நூல் அது! அந்நூலை எரித்த கூட்டத்தார், பொன்னாவை மலடி என்று தூற்றிய வாய்களைப் பற்றி ஒரு கண்டனமும் கூறவில்லை. சொன்ன வாய்க்குத் தண்டனை இல்லை. அதைப் பதிந்து வைத்த ஏட்டுக்குத் தீ. நம்முடைய திருமறையின் ஹுஜுராத் அத்தியாயம் ஏளனத்தையும் பட்டப்பெயரையும் புறம்பேசுதலையும் அடுத்தடுத்து விலக்குகிறது. பிள்ளையில்லாப் பெண்ணை நம் வீட்டுக் கல்யாணங்களில் நாம் எந்த வரிசையில் உட்கார வைக்கிறோம் என்று நம் தாய்மார்கள் அறிவார்கள். அந்த அளவில் இந்நூல் நம் வீட்டுக் கதையும்தான்.

நூலில் குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. உயிரோடிருக்கும் ஓர் ஊரின் பெயரையும் கோயிலின் பெயரையும் வைத்துக்கொண்டு, செவிவழிச் செய்தியாக வந்த ஒரு வழக்கத்தைப் புனைகதைக்குள் அமைக்கும்போது, அவ்வூரார் தம் பாட்டிமார்களைப் பற்றிக் கேட்பார்கள் என்பதை ஆசிரியர் எண்ணியிருக்க வேண்டும். கேள்வி நியாயமானது. ஆனால் நியாயமான கேள்வியைக் கேட்டவர்கள் அதை நியாயமான முறையில் கேட்கவில்லை. முழு நூலைப் படித்துப் பத்துப் பக்கம் மறுப்பெழுதியிருந்தால் அது இலக்கியச் சண்டை. நாலு பக்கத்தைக் கிழித்துத் தெருவில் விடுவது வேறு தொழில்.

தீர்ப்பில் நமக்கு மிகவும் பிடித்த பகுதி, அந்த அமைதிக் கூட்டத்துக் கையொப்பம் ஆசிரியரைக் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் சொன்ன இடம். மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிதன்று. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் மர்கீனானீ அவர்கள் இயற்றிய ‘ஹிதாயா’வில் ‘இக்ராஹ்’ என்றொரு தனிப் பாடமே உண்டு. அச்சுறுத்தலின்கீழ்ச் செய்த விற்பனையை அச்சம் நீங்கியபின் ரத்துச் செய்யலாம். அச்சுறுத்தலின்கீழ்ச் சொன்ன ஒப்புதல் ஒப்புதலாகாது. வாசலில் கூட்டம் நிற்க, உள்ளே அதிகாரி பேனாவை நீட்ட, ஊரை விட்டுப் போக வேண்டிய நிலையில் ஓர் ஆசிரியர் இட்ட கையொப்பத்துக்கு என்ன மதிப்போ, அதே மதிப்பைத்தான் நீதிமன்றமும் கொடுத்தது. அமைதி காக்க வேண்டிய அரசு, அமைதியைக் குலைப்பவர்களை விட்டுவிட்டு, தனியனாய் நின்றவனை அடக்கி அமைதி வாங்கிக் கொண்டது. இது மலிவான விலை. ஆகவேதான் அதிகாரிகளுக்கு எப்போதும் பிடித்த விலை.

இதுவரை பிறர் வீட்டைப் பேசினோம். படிக்கும் நம்மவர்கள் தலையாட்டியிருப்பார்கள். இனி நம் வீட்டுக்கு வருவோம்.

குமரி மாவட்டத்துத் தக்கலையைச் சேர்ந்த கவிஞர் எச்.ஜி.ரசூலின் ‘மைலாஞ்சி’ என்னும் கவிதைத் தொகுப்பு 2000இல் வெளிவந்தது. அதற்கெழுந்த எதிர்ப்பு ஓயவில்லை. 2007இல், இஸ்லாமிய வரலாற்றையும் மதுவையும் பற்றி அவர் ஒரு திங்களிதழில் எழுதிய கட்டுரையை முன்னிட்டு, அவரை ஊர்விலக்குச் செய்தார்கள். ஊர்விலக்கு என்றால் என்னவென்று நகரவாசிகள் அறியமாட்டார்கள். நிக்காஹுக்கு ஊர்ப் பதிவேடு இல்லை. வீட்டில் மவுத்து என்றால் தோள் கொடுக்க ஆளில்லை. சலாம் சொன்னால் பதில் வராது. தண்டனை எழுதியவனோடு நில்லாமல் அவன் மனைவி மக்கள் மீதும் இறங்கும். குற்றம் ஒருவருடையது, சுமை இன்னொருவருக்கு என்பது எந்த மத்ஹபில் உள்ள சட்டம்?

அதுவும் எந்த ஊரில்! தக்கலை, பீர்முஹம்மது அப்பா அடங்கியிருக்கும் மண். அவர்தம் மெய்ஞ்ஞானப் பாடல்களை ஆண்டுதோறும் கூடியிருந்து விடிய விடிய ஓதிவருகிற மண். அப்பாடல்களிலுள்ள சூஃபித்துவக் குறியீடுகளைச் சொல்லுக்குச் சொல் எடுத்து வழக்காடினால் அவற்றிலும் குற்றம் காண்போர் கிளம்புவார்கள். காலம் அவற்றுக்குப் பொருள் சொல்லும் பொறுமையைக் கொடுத்தது. உடன் வாழ்ந்த கவிஞனுக்கு அப்பொறுமை கிட்டவில்லை.

‘மைலாஞ்சி’யில் பெரும் சினத்தைக் கிளப்பியது ஒரு குழந்தைக் கேள்வி. இத்தனை இலட்சம் நபிமார்களில் ஒரு பெண்கூட ஏன் இல்லை என்பதே அது. இதைப் படித்து வெகுண்டவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். இக்கேள்வி ரசூலுக்குத்தான் முதன்முதலில் தோன்றியதா? ஸ்பெயின் நாட்டுக் குர்துபா நகரில், ஹிஜ்ரி 456இல் மறைந்த இமாம் இப்னு ஹஸ்ம் காலத்தில், இதே கேள்வி ஆலிம்களிடையே பெரும் விவாதமாக நடந்தது. மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவர்களிடமும் மூஸா நபியின் அன்னையாரிடமும் இறைச் செய்தி வந்ததைக் காட்டி, பெண்களுக்கும் நுபுவ்வத் உண்டு, ரிஸாலத்தே ஆண்களுக்குரியது என்று வாதிட்டவர் இப்னு ஹஸ்ம். அதே நகரத்தின் பெயர் தாங்கிய முஃபஸ்ஸிர் குர்துபீ அவர்களும் மர்யம் அவர்கள் நபியே என்ற பக்கம் நின்றார்கள். பெரும்பான்மை உலமாக்கள் இதை ஏற்கவில்லை. நாமும் பெரும்பான்மையின் கருத்தையே ஓதிக் கொடுக்கிறோம். ஆனால் ஏற்காதவர்கள் என்ன செய்தார்கள்? ஆதாரம் காட்டி மறுத்தார்கள். கேட்டவரைக் காஃபிர் என்று சொல்லவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குர்துபாவில் கேட்கத் தகுந்த கேள்வி, தக்கலையில் கேட்கத் தகாததாக எப்போது ஆயிற்று? கிதாபை மூடி வைத்தபோதுதான்.

இப்னு ஹஸ்மின் வரலாற்றில் இன்னொரு செய்தியும் உண்டு. அவர் நூல்களை ஸெவில் நகரத்து அரசன் முஃதளித் எரிக்கச் செய்தான். எரித்தவன் பெயர் இன்று வரலாற்று மாணவர்களுக்கு மட்டும் தெரியும். எரிக்கப்பட்டவரின் ‘முஹல்லா’ நம் அரபிக் கல்லூரி நூலகங்களில் இருக்கிறது.

மதுக் கட்டுரையைப் பொறுத்தவரை அதன் முடிவுகளோடு நமக்கு உடன்பாடில்லை. மது படிப்படியாக விலக்கப்பட்ட வரலாற்றை ஓதிய எந்த மாணவனும் அதற்கு மறுப்பெழுத முடியும். அப்படியொரு மறுப்புத்தான் எழுதப்பட்டிருக்க வேண்டும். 2017இல் ரசூல் காலமாகிவிட்டார். இனி அவருக்கு நாம் எழுதும் பதிலை அவர் படிக்கப் போவதில்லை.

சட்டத்தைக் கூப்பிடும் வழக்கத்தையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை இழித்து லாகூரில் 1924இல் வந்த நூலின் பதிப்பாளர் 1927இல் விடுதலையானபோது, முஸ்லிம்களின் கொதிப்பை அடக்க ஆங்கில அரசு அவ்வாண்டே தண்டனைச் சட்டத்தில் 295அ பிரிவைச் சேர்த்தது. இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 299ஆம் பிரிவு. அந்தப் பிரிவினால் முஸ்லிமின் மனம் எத்தனை முறை காக்கப்பட்டது, முஸ்லிமின் வாய் எத்தனை முறை மூடப்பட்டது என்று நம் வழக்கறிஞர்கள் ஒரு கணக்கெடுத்தால் நன்று. 1988இல் ருஷ்தியின் நூலை இறக்குமதி செய்யத் தடை போட்டார்கள். 2024 நவம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் அத்தடையாணையைக் கொண்டுவரச் சொன்னபோது, அந்தத் தாளையே எவராலும் கண்டுபிடித்துக் கொடுக்க முடியவில்லை. ஆகவே அப்படியொன்று இல்லையென்றே கொள்ள வேண்டியதாயிற்று. நாம் வெற்றி என்று முப்பத்தாறு ஆண்டுகள் எண்ணியிருந்தது ஒரு காணாமற்போன காகிதம்! 2013 ஜனவரியில் ‘விஸ்வரூபம்’ திரைப்படத்துக்கு எதிராக நம் அமைப்புகள் கோரியதன்பேரில் மாவட்டந்தோறும் 144 தடை போடப்பட்டது. படத்தில் நம்மைக் காட்டிய விதம் பற்றிய வருத்தம் உண்மையானதே. ஆனால் சில காட்சிகள் திருத்தப்பட்டு பிப்ரவரி 7ஆம் நாள் படம் வந்துவிட்டது. ஈராண்டு கழித்துத் திருச்செங்கோட்டில் கூடியவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. கூட்டம் சேர்த்தால் அரசு பணியும் என்ற பாடம் அவர்களுக்கு முன்பே ஓதிக் கொடுக்கப்பட்டிருந்தது. ஓதிக் கொடுத்தவர்களில் நம்மவர்களும் உண்டு.

2017 மார்ச்சில் கோயம்புத்தூரில் இறைமறுப்புக் கருத்துக்களை எழுதிவந்த நம் சமுதாயத்து இளைஞர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அதைப் பற்றி நீட்டி எழுத நமக்குக் கை வரவில்லை. எந்தக் கிதாபிலும் தெருவில் நிற்கும் தனி மனிதன் கையில் நீதிவாளைக் கொடுக்கவில்லை என்பதை மட்டும் சொல்லிக் கடந்து செல்கிறோம்.

பேச்சுக்கு எல்லையே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. முஸ்லிமிடம் பொருள் வாங்காதே, முஸ்லிமுக்கு வீடு விடாதே, முஸ்லிமை அடி என்று மேடையில் சொல்லப்படுவது கருத்தன்று. அது அடிப்பதற்கு முன்னுரை. அவ்விடத்தில் சட்டம் தாமதமின்றி வரவேண்டும் என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அந்த உரிமைக் குரல் எடுபட வேண்டுமானால், ஒரு கவிதைக்கும் ஒரு கொலை மிரட்டலுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் நாம் அறிந்தவர்களாக நடந்து காட்ட வேண்டும். சிறுபான்மையினர்க்குப் பேச்சுரிமைதான் கடைசிக் கூரை. அதிலிருந்து ஓடு பிடுங்கி அடுத்தவன் மேல் எறிவது அறிவுடைமையா?

நாம் இதை எழுதும் பள்ளிப்பட்டு ஒரு எல்லையூர். கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் உருதுவும் ஒரே பேரத்துக்குள் கலந்து வரும். 1953இல் ஆந்திரத்தோடு போன இப்பகுதி, ம.பொ.சி. போன்றோரின் போராட்டத்துக்கும் படாஸ்கர் அவர்களின் முடிவுக்கும் பிறகு 1960 ஏப்ரல் 1ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கூட்டம், மறியல், சிறை எல்லாம் நடந்தன. எனினும் கோடு இறுதியில் காகிதத்தில், இரு தரப்பும் தத்தம் வாதத்தைச் சொன்னபிறகுதான் வரையப்பட்டது. அன்று தெலுங்கர் பக்கம் பேசியவரின் பேரனும் தமிழர் பக்கம் பேசியவரின் பேரனும் இன்று ஒரே பேருந்தில் திருத்தணிக்குப் போகிறார்கள்.

நம் மாணவர்களுக்கு ‘ஹிதாயா’ நடத்துகையில் ஒன்றைக் கவனிக்கச் சொல்வதுண்டு. ஒரு மஸ்அலாவில் இமாம் அபூஹனீஃபாவின் கருத்து வரும். அடுத்து, அவரிடமே ஓதிய அபூயூசுஃபும் முஹம்மதும் ஆசிரியருக்கு மாறாகச் சொன்னது வரும். பிறகு இமாம் ஷாஃபியின் கருத்து அதற்குரிய ஆதாரத்துடன் வரும். எதிராளியின் ஆதாரத்தைக் குறைக்காமல் எழுதிய பிறகே மறுப்புத் தொடங்கும். கைப்பேசியில் யாரோ அனுப்பிய அரைப் பக்கத்தைக் கண்டு கொதிக்கும் இன்றைய இளைஞனுக்கு இந்த ஒழுங்கைக் கற்பிப்பது யார் பொறுப்பு? பள்ளிவாசல் மிம்பர் நம் கையில் இருக்கிறது. வாரந்தோறும் கேட்க ஆள் இருக்கிறார்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு நாம் வைக்கும் கோரிக்கை சிறியது. ஒரு நூலின் மேல் புகார் வந்தால், ஜமாஅத் செலவில் அந்நூலில் ஒரு பிரதி வாங்குங்கள். முழுதும் படிக்கத் தக்க ஓர் ஆலிமிடமும், தமிழறிந்த ஒரு பெண்மணியிடமும் கொடுங்கள். இருவரும் எழுதிக் கொடுப்பதை இதுபோன்ற இதழுக்கு அனுப்புங்கள். ‘மைலாஞ்சி’யிலிருந்தே தொடங்கலாம். பெண் நுபுவ்வத் பற்றி இப்னு ஹஸ்ம் எழுதிய பகுதியைத் தமிழாக்கி அக்கவிதையோடு சேர்த்து வைத்து எழுத முன்வரும் இளம் ஆலிம் எவரேனும் இருந்தால், அரபு மூலத்தை ஒப்பு நோக்கிக் கொடுக்க நாம் ஆயத்தமாக இருக்கிறோம்.