மதிப்பெண்ணும் மதிப்புரையும்

1977-இல் வெளிவந்த '16 வயதினிலே' திரைப்படத்திற்கு ஆனந்த விகடன் 62.5 மதிப்பெண் வழங்கியதைப் பலர் இன்றும் நினைவுகூர்வர். அதற்கு அவ்விதழ் கூறிய காரணங்களை நினைவில் வைத்திருப்போர் சிலரே. இன்றோ குக்கர் முதல் மருத்துவமனை வரை அனைத்தையும் கைப்பேசியில் நட்சத்திரங்களை எண்ணியே தெரிவு செய்கிறோம். காரணம் அறியாது எண்ணை மட்டும் நம்புகிறவர் பிறருடைய விருப்பத்தைத் தம் தேவையென மயங்குகிறார். எனவே மதிப்புரையை வாசிக்கையில், எழுதியவர் அப்பொருளை எதற்காக வாங்கினார், எத்தனை நாள் பயன்படுத்தினார், என்ன குறை கண்டார் எனத் தேடுவோம்.

கூலி பெற்று எழுதப்படும் போலி மதிப்புரைகளைக் களைய, இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் நெறிமுறை வகுத்தது. ஆயினும் எழுதுகிறவரின் மனச்சான்றுக்கு ஈடான காவல் ஏது? மதிப்புரையும் ஒரு சாட்சியமே. கண்டதை மட்டும் எழுதுவோம். அதை நம்பித்தான் ஏதோவொரு குடும்பம் தன் ஒரு மாத உழைப்பின் ஊதியத்தைச் செலவிடப்போகிறது.