வாரிசு வேலையும் பிள்ளையின் படிப்பும்

அரசு ஊழியர் ஒருவர் பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டால், கருமாதி முடிந்த கையோடு வீட்டில் எழும் கேள்வி, "வேலைக்கு யார் பேரைக் கொடுப்பது?" என்பதுதான். அதைக் கல்நெஞ்சம் என்று சொல்ல மாட்டேன். வீட்டுக் கடன், மளிகைப் பாக்கி, கல்லூரிக் கட்டணம் எல்லாம் ஒரே சம்பளத்தில் ஓடிய வீடு அது. கருணை அடிப்படையிலான நியமனம் அப்படிப்பட்ட குடும்பங்களைக் கந்துவட்டியில் விழாமல் காத்திருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றுபோன ஒரு பெண், கணவர் போனபின் அலுவலக உதவியாளராகி, யார் தயவும் இல்லாமல் பிள்ளைகளை ஆளாக்குகிறார். இதற்கு ஈடான உதவி வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அதே வேலை இருபது வயதுப் பிள்ளையின் கைக்கு வரும்போதுதான் சிக்கல். தமிழ்நாட்டில் இறப்பு நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கிடைப்பதோ இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்ற கீழ்நிலைப் பணியிடங்கள். இதை உரிமையாகக் கேட்க முடியாது, திடீர் நெருக்கடியைத் தாண்டுவதற்கான உதவி மட்டுமே என்று 1994இல் உமேஷ் குமார் நாக்பால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குரூப் 4 தேர்வுக்கு லட்சக்கணக்கானோர் வருடக்கணக்கில் படிக்கும் நாட்டில் அந்தக் கண்டிப்பு நியாயமே. ஆனால் நெருக்கடி சில ஆண்டுகளுக்கு. அதைத் தீர்க்க வரும் வேலையோ அறுபது வயது வரைக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மூத்தவள் சட்டம் படிக்க நினைத்திருந்தாள். தம்பி அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தான். "அவள் நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போறவ" என்று சித்தப்பா சொல்ல, ஆட்சேபணை இல்லை என்று அவள் கையெழுத்துப் போட்டாள். தம்பி படிப்பை விட்டுவிட்டு வேலையில் சேர்ந்தான். அவனிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. "அப்பா வேலைடா" என்றார்கள். அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு பிள்ளை எப்படி மறுத்துப் பேசுவான்? மறுத்தால் அப்பாவையே வேண்டாம் என்றதுபோல் ஆகிவிடும். துக்கம் ஆறுவதற்குள் எடுத்த முடிவு இரண்டு பேரின் படிப்பையும் திசைமாற்றிவிட்டது.

திக்குத் தெரியாமல் திரிந்த பையன்கள் இந்த வேலையால் நிலைகொண்டதும் உண்டு. வேலையில் இருந்தபடியே அஞ்சல் வழியில் பட்டம் வாங்கி, குரூப் 2 எழுதி மேலே போனவர்களும் இருக்கிறார்கள். அவர்களின் பிடிவாதத்தை மதிக்கிறேன். ஆனால் மாலை ஆறு மணிக்குமேல் படிக்கத் தெம்பு இருப்பவர்களுக்கு மட்டும்தான் அந்த வழி.

ஹரியானா 2006இல் கொண்டுவந்த விதிகள் வேறு வழியைக் காட்டின. இறந்தவர் கடைசியாக வாங்கிய சம்பளத்தை, அவருடைய வயதுக்கேற்ப 7 முதல் 15 ஆண்டுவரை குடும்பத்துக்குத் தொடர்ந்து தரும் ஏற்பாடு அது. வேலையை அடியோடு எடுத்துவிட்டுப் பணத்தை மட்டும் வைப்பதை நான் ஏற்கவில்லை. எட்டாம் வகுப்போடு நின்ற தாய்க்கு வேலைதான் பாதுகாப்பு. குடும்பமே தேர்ந்தெடுக்கட்டும். படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டுக்கு, அவன் அல்லது அவள் படிப்பு முடியும்வரை மாதத்தொகை வரட்டும். விண்ணப்பக் கெடுவும் அதுவரை நீளட்டும். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியத் திட்டத்துக்கு வெளியே வைக்கப்பட்டார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த ஏற்பாடு முதலில் வர வேண்டும்.