சமாதான மேசையில் யாருக்கு ஆசனம்?

யுத்தத்தை வருணிக்காத இலக்கியம் உலகில் அரிது. ஆனால் அந்த யுத்தம் எவ்வாறு முடிந்தது, யார் யாருடன் அமர்ந்து பேசினர், எதை விட்டு எதைப் பெற்றனர் என்பதை விரித்துரைக்கும் நூல்களோ மிகச் சில. வாகை சூடியவனைப் பாடியதோடு புலவர் தம் கடன் தீர்ந்ததென ஓய்ந்துவிடுகின்றனர். கணக்குப் பேசுவது கணக்கர் வேலை என்று விடப்பட்டது போலும்! இக்குறையை நம் காலத்தில் ஓரளவு நிரப்பியிருப்பது, நம்மவருட் பெரியோர் பலர் சிறுபிள்ளை விளையாட்டென ஒதுக்கும் கணினி விளையாட்டே என்று நாம் கூறின், நேயர்கள் வியப்படையக்கூடும்.

ஸ்வீடன் தேசத்துப் பாரடாக்ஸ் நிறுவனத்தார் வெளியிட்ட மூன்று விளையாட்டுக்களை இங்கு எடுத்துக்கொள்வோம். அவை 2013-இல் வந்த யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4, 2016-இல் வந்த ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4, 2022-இல் வந்த விக்டோரியா 3 என்பன. இவற்றில் ஆடுபவர் துப்பாக்கி ஏந்திய வீரனல்லர். ஒரு தேசத்தையே நடத்துபவர். வரி, வாணிகம், படை, தூது யாவும் அவர் கையில். தோட்டத்திலும் பட்டணத்திலும் நம் இளைஞர் இரவெல்லாம் விழித்திருந்து ஆடும் இவற்றை, நூலை மதிப்பிடுவது போல் மதிப்பிடுதல் தவறாகாது. சமாதானப் பேச்சு என்னும் ஓர் அம்சத்தை மட்டும் ஆராய்வோம்.

முதலாவது விளையாட்டு 1444 முதல் 1821 வரையுள்ள காலத்தைத் தழுவியது. இதில் போர் மூண்டவுடன் ஒரு புள்ளிக் கணக்குத் தொடங்குகிறது. அது முற்றிலும் தோற்ற நிலையான கழித்தல் 100-க்கும், முற்றிலும் வென்ற நிலையான கூட்டல் 100-க்கும் இடையே ஏறி இறங்கும். களத்தில் எத்தனை சண்டை வென்றாலும் அவற்றால் 40 புள்ளிக்கு மேல் கிடையாது. எதன்பொருட்டுப் போர் தொடுக்கப்பட்டதோ அதைக் கைப்பற்றி வைத்திருந்தால் காலப்போக்கில் 25 வரை சேரும். எஞ்சியவற்றைக் கோட்டைகளையும் ஊர்களையும் பிடித்தே ஈட்டவேண்டும்.

பின்னர் சமாதான மேசை. ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு விலை உண்டு. பொன் கேட்டால் ஒரு விலை. அடிமைப்பட்ட நாட்டை விடுவிக்கச் சொன்னால் ஒரு விலை. 10 ஆண்டுகள் வருமானத்தில் நூற்றுக்குப் பத்து தண்டமாகக் கேட்டால் அதற்கும் ஒரு விலை. கேட்பவற்றின் மொத்தம் ஈட்டிய புள்ளிக்கு மிஞ்சலாகாது. 100 புள்ளி பெற்றவனும் ஒரு பெரிய இராச்சியத்தை ஒரே வாயில் விழுங்க இயலாது. எதிரி இணங்குவானா, மறுப்பானா என்பதற்கும் காரணங்கள் எண்களாகவே காட்டப்படுகின்றன. எஞ்சிய படைபலம், போர் நீடித்த காலம் முதலியவை வரவு செலவுப் பேரேடு போல் வரிசையாக நிற்கும். எந்த வீரகாவியம் சமாதானத்தை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டியது?

இந்த விளையாட்டின் பெருஞ்சிறப்பு, பேராசைக்கு அது விதிக்கும் தண்டனையே. மிகுதியாகப் பறித்துக்கொண்டவன் மீது அண்டை நாடுகளுக்கு அச்சமும் வெறுப்பும் மூளும். அவப்பெயர் அளவு கடந்தால் அவை திரண்டு அவன் மீது பாயும். அந்த அவப்பெயர் தேய ஆண்டுகள் பல ஆகும். சமாதானத்தில் எவ்வளவு அதிகம் பெற்றானோ அவ்வளவு நீண்ட போர் ஓய்வுக்கு அவன் கட்டுப்படவேண்டும். அது 5 ஆண்டு முதல் 15 ஆண்டு வரை நீளும். வென்ற பின்னும் பேச மறுத்துப் போரை இழுப்பவனுக்கு அவன் நாட்டிலேயே சலிப்பு மிகும். வென்றவன் விரும்பியதெல்லாம் எடுத்துக்கொள்ளலாம் என்ற மூட எண்ணத்துக்கு இதைவிட நல்ல மருந்து உண்டோ? 1814-1815-இல் வியன்னா மாநாட்டில், தோற்ற பிரான்சின் தூதர் தாலிராண்டும் அமர்ந்து பேசினார். பிரான்சு வல்லரசாகவே நீடித்தது. அந்த விவேகத்தின் நிழல் இவ்விளையாட்டில் படிந்திருக்கிறது.

இரண்டாவது விளையாட்டு இரண்டாம் உலக யுத்தத்தைப் பொருளாகக் கொண்டது. இங்கே பேச்சுக்கு இடம் மிகக் குறைவு. எதிரி அடியோடு சரணடைந்த பின்னரே மாநாடு கூடும். அதுவும் வென்றவர்கள் தமக்குள் பங்கிட்டுக்கொள்வதற்காக. போரில் யார் எவ்வளவு பங்கெடுத்தனரோ அவ்வளவு புள்ளி, புள்ளிக்கேற்ற நிலம். தோற்றவனுக்கு வாயில்லை. 1943 ஜனவரியில் காசாபிளாங்காவில் நிபந்தனையற்ற சரணாகதியே வேண்டுமென்று ரூஸ்வெல்ட் அறிவித்ததை நினைத்தால், இந்த அமைப்பு சரித்திரத்துக்கு விரோதமன்று. ஆயினும் எல்லைப் பூசலாகிய சிறு போரையும் இதே அச்சில் வார்ப்பது குற்றமே. சமாதானமென்றால் பங்கு போடுதல் என்னும் பாடத்தையே இளைஞன் கற்றுக்கொள்கிறான்.

மூன்றாவது, 1836 முதல் 1936 வரையுள்ள நூற்றாண்டைப் பற்றியது. இதில் பேச்சு போருக்குப் பின் அன்று, முன்னரே தொடங்குகிறது. ஒருவன் கோரிக்கை வைத்தவுடன் குறித்த காலம் பேரம் நடக்கும். இரு திறத்தாரும் தத்தம் கோரிக்கைகளை வெளியிட்டுப் பிற வல்லரசுகளுக்கு ஆசை காட்டி அழைப்பர். ஒரு துளி இரத்தம் சிந்துமுன் ஒருவன் பின்வாங்கவும் வழியுண்டு. போர் மூண்டாலோ, ஒவ்வொரு நாட்டிலும் போருக்குள்ள ஆதரவு நாளுக்கு நாள் தேய்ந்து, கழித்தல் 100-ஐத் தொட்டவுடன் அரசு பணிந்தே ஆகவேண்டும். மேலும் இங்கே ஜனங்கள் உழவர், தொழிலாளர், குமாஸ்தாக்கள் என்று தொழில் வாரியாகக் கணக்கிடப்படுகின்றனர். அவர்கள் கொதித்தெழுந்தால் அரசின் கை தளரும். மூன்றனுள் இதுவே மனிதனுக்கு மிக அருகில் வந்தது என்பது நமது கருத்து.

இனி, மூன்றுக்கும் பொதுவான குறையைச் சொல்லாதிருத்தல் நேர்மையாகாது. முதல் விளையாட்டில் ஒரு மாகாணத்தின் மதிப்பு எவற்றால் ஆனது? வரி, உற்பத்தி, படைக்கு ஆள்! மேசை மீது வைக்கப்படும் மண்ணில் வாழ்பவன் இம்மூன்றில் ஒன்றாகவே தோன்றுகிறான். மூன்றாவது விளையாட்டில் அவன் கோபம் கொள்ளலாம். ஆனால் எந்தக் கொடியின் கீழ் வாழ விருப்பம் என்று மேசையில் அவனைக் கேட்பாரில்லை.

சரித்திரமும் அப்படித்தானே என்பர் சிலர். பெரும்பாலும் உண்மையே. முதல் விளையாட்டில் நமது மலாக்காவும் ஒரு நாடாக இருக்கிறது. அவ்விளையாட்டு முடியும் ஆண்டுக்கு மூன்றாண்டு கழித்து, 1824-இல், இலண்டனில் ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் கையெழுத்திட்டு, பெங்கூலனுக்கு மலாக்காவை மாற்றிக்கொண்டனர். ஜொகூர்-ரியாவ் அரசு இரு கூறாயிற்று. அந்த மேசையில் மலாய்க்காரர் எவருக்கும் ஆசனமில்லை. நம்மவர்க்கும் இது புதிதன்று. 1950-களிலும் 1960-களிலும் இந்நாட்டில் பெரும் ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, பத்திரத்தில் ஏக்கர் எழுதப்பட்டது. லயத்து மக்களின் பெயர் எழுதப்படவில்லை. வேலையும் வீடும் இழந்து வெளியேறியவர்களின் பேரப்பிள்ளைகளே இன்று இவ்விளையாட்டுக்களை ஆடுகின்றனர். செக்ரோல் எழுதும் நமக்கு இது நன்கு தெரியும்: ஆள் என்பது எண்ணாக மாறிய பிறகு, எண்ணைக் கூட்டவும் கழிக்கவும் கை கூசுவதில்லை.

ஆனால் சரித்திரம் முழுதும் அப்படியன்று. தோற்ற ஜெர்மனியை மேசைக்கு வெளியே நிறுத்தி வரையப்பட்ட அதே 1919-ஆம் ஆண்டு வெர்சேல்ஸ் உடன்படிக்கையிலேயே, ஷ்லெஸ்விக் பகுதி மக்கள் வாக்களித்து முடிவு செய்ய வேண்டும் என்றும் எழுதப்பட்டது. 1920-இல் வாக்கெடுப்பு நடந்தது. வட பகுதியார் டென்மார்க்கைத் தேர்ந்தனர். அடுத்த பகுதியார் ஜெர்மனியுடன் இருக்க விரும்பினர். எல்லை அவ்வாறே அமைந்தது. ஆகவே, மக்களைக் கேட்டு எல்லை வகுத்தல் கனவன்று, நடந்த செய்தி. நூறு விதமான கோரிக்கைகளுக்கு விலை குறிக்கத் தெரிந்த வல்லுநர்க்கு, "இவ்வூராரைக் கேட்டு முடிவு செய்க" என்னும் ஒரு வரியையும் அம்மேசையில் சேர்த்தல் அரிதோ?

விளையாட்டில் இத்தனை நியாயம் எதற்கு என்று கேட்பார்க்கு ஒன்று சொல்வோம். பத்திரிகையைப் பிரித்து உடன்படிக்கைச் செய்தி படிக்காத இளைஞன், இவற்றில் நூறு உடன்படிக்கைகளைத் தன் கையாலேயே எழுதுகிறான். பழகிய கை பழகியபடியே நாளைக்கும் எழுதும். ஆதலால் இவ்விளையாட்டுக்களைத் தடுக்க வேண்டியதில்லை, ஆடட்டும். புள்ளிக்கு மிஞ்சிக் கேட்கலாகாது, பேராசை பகையை வளர்க்கும், போருக்கு முன்பே பேசலாம் என்னும் மூன்று நல்ல பாடங்களைக் கற்கட்டும். மாகாணத்தின் மீது விரலை வைக்கும் கணத்தில் மட்டும், அவ்வூரின் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்து, அங்கு வாழ்பவனுக்கு இம்மேசையில் ஆசனம் உண்டா என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளட்டும். அந்தக் கேள்வியை எந்த நிறுவனமும் செய்து விற்க வேண்டியதில்லை. அதை நம் இளைஞரே கொண்டுவரலாம்.