தலையெழுத்தும் கலத்தின் எழுத்தும்: புற்றுநோய் ஆய்வின் மொழி பற்றி ஒரு நோக்கு

விஞ்ஞானக் கலைச்சொற்கள் சமூகச் சார்பற்றவை என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. இலக்கியத் திறனாய்வாளனுக்கு அவற்றோடு தொடர்பில்லை என்பது அதன் துணைமுடிபு. மார்பகப் புற்றுநோய் தொடர்பான அண்மைக்கால ஆர்.என்.ஏ. ஆய்வுகள் இவ்வெண்ணத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகின்றன. அவ்வாய்வுகளின் மொழியே எழுத்தும் வாசிப்பும் பற்றிய உருவகங்களால் ஆனது.

பரம்பரையலகின் செய்தி ஆர்.என்.ஏ.யாகப் 'படியெடுக்கப்'பட்டு, பின்னர் புரதமாக 'மொழிபெயர்க்கப்'படுகின்றது. இடையில், படியிலுள்ள அடினோசின்கள் சிலவற்றின்மீது மெதைற் கூட்டம் ஏற்றப்படுகின்றது. 1974இல் எலியின் ஈரற் புற்றுக் கலங்களில் இனங்காணப்பட்ட இம்மாற்றத்தை எவ்.ரீ.ஓ. என்னும் நொதியம் நீக்கவல்லது என்பது 2011இல் காட்டப்பட்டபின்னரே அதன் இயங்கியல் புலனாயிற்று. மெதைலை ஏற்றும் மெட்டில்3 போன்ற நொதியங்கள் 'எழுதுவோர்' எனவும், நீக்குபவை 'அழிப்போர்' எனவும், இனங்கண்டு செயற்படும் புரதங்கள் 'வாசிப்போர்' எனவும் பெயர்பெற்றன.

ஏட்டுச்சுவடிகளோடு பழகியோர்க்கு இது புதிதன்று. ஓலை பொத்துவிடும் என்றஞ்சிப் புள்ளியிடாது எழுதியமையால், மெய்யோ உயிர்மெய்யோ என்பதை இடம் நோக்கியே துணியவேண்டியிருந்தது. மெதைற் கூட்டமும் புள்ளி போன்றதே. எழுத்து மாறுவதில்லை, படி எவ்வளவு காலம் நிலைக்கும், எவ்வளவு புரதம் உண்டாகும் என்பனவே மாறுகின்றன.

எனினும் 'எழுதுவோர்' என்றதும் எழுதும் கருத்தா ஒருவர் உளர் என்னும் மயக்கம் பிறக்கின்றது. உண்மை வேறு. ஒட்சிசன் குறைந்த சூழலில் மார்பகப் புற்றுக் கலங்களில் 'அழிக்கும்' நொதியமான ஏ.எல்.கே.பி.எச்.5 மிகுகின்றது, அது நனொக் என்னும் பரம்பரையலகின் படியிலிருந்து மெதைலை நீக்க, அப்படி நிலைபெற்று, புற்றுத் தண்டுக்கலங்கள் பெருகுகின்றன என 2016இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. மெட்டில்3 புற்றை வளர்ப்பதாகச் சில ஆய்வுகளும், அதன் குறைவே பரவலுக்கு உதவுவதாக வேறு சிலவும் கூறுகின்றன. ஒரே நொதியம் சூழலுக்கேற்ப முரண்பட்டுத் தொழிற்படுகின்றது. புறநிலையே இங்குத் தீர்மானிக்கும் சத்தி, கருத்தா எவருமிலர்.

இவ்வுருவகத்தை அப்படியே தமிழாக்கினால் நேர்வது யாது? கரம்பொனிலுள்ள தாயொருத்தி மார்பிற் கட்டியொன்றைக் காண்கிறாள் எனக் கொள்வோம். பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணம் வந்து, மீண்டும் பேருந்தேறித் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு அவள் செல்லவேண்டும். கூலி நாள் ஒன்றை இழந்து புறப்படத் தயங்குபவளிடம், நோய் கலத்தில் 'எழுதப்பட்டது' என்றால், அவள் காதில் விழுவது 'தலையெழுத்து' என்ற சொல்லே. விதிக்கொள்கைக்கு விஞ்ஞானமே சான்று பகர்வதாகிவிடும். 'அழிப்போரும் உளரே' எனலாம். ஆயின் மெதைலை அழிப்பது நோயை அழிப்பதன்று; மேற்கண்ட உதாரணத்தில் அழித்தலே நோயை வளர்த்தது. எனவே 'மெதைலேற்றி', 'மெதைல்நீக்கி', 'மெதைலறி புரதம்' எனத் தொழிலாற் பெயரிடுதலே பொருத்தமானது.

சிகிச்சை பற்றியும் மிகையின்றிக் கூறல் வேண்டும். மெட்டில்3ஐத் தடுக்கும் மருந்தொன்று 2022இல் மனிதரில் முதற்கட்டப் பரிசோதனைக்கு வந்தது. ஆயினும் இம்மெதைல் மாற்றத்தை இலக்காகக் கொண்ட மருந்து எதுவும் மார்பகப் புற்றுநோயின் வழமையான சிகிச்சையில் இன்னும் இடம்பெறவில்லை. காலந்தாழ்த்தாது கண்டறிதலும், சத்திரசிகிச்சை, கதிர்ச்சிகிச்சை, தமொக்சிபென் முதலானவையுமே இன்றைய துணைகள்.

மருத்துவத்தின் மொழி பற்றிய இப்பிரச்சினை யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. மானிப்பாயிற் பணியாற்றிய சாமுவேல் பிஸ்க் கிறீன் 1867இல் 'இரண வைத்திய'த்தைத் தமிழில் வெளியிட்டார். தமிழிற் பயின்ற வைத்தியர் தம் ஊர்மக்களிடையே தங்குவர் என்பது அவர் கணிப்பு. மதப்பரப்பலே மிசனின் நோக்கமாயினும், அறிவின் மொழியே அதன் வர்க்கத்தையும் வரையறுக்கும் என்பதை அவர் நடைமுறையிற் கண்டார்.

கரம்பொனிற் பிறந்த தனிநாயகம் அடிகளார் 1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில இதழைத் தொடங்கித் தமிழை உலகறியச் செய்தார். உலகின் அறிவைக் கரம்பொனுக்குக் கொண்டுசெல்லும் எதிர்த்திசைப் பயணம் இன்னும் முற்றுப்பெறவில்லை. தலையெழுத்தை நீக்கிய ஒரு சொல்லைத் தேர்வது அப்பயணத்தின் சிறுபகுதியே; எனினும் அது தமிழ்த்துறையினராகிய எமது கடன்.